சொல் தெரிகிறது, வாயில் வரவில்லை

கேள்வி: நர்ஸ் வேலைக்காக எட்டு மாதமாக ஜெர்மன் படிக்கிறேன். ஜெர்மன் வார்த்தையைக் கேட்டால் சட்டென்று தமிழில் அர்த்தம் வந்துவிடுகிறது. தமிழில் நினைத்ததை ஜெர்மனில் சொல்லப் போனால்தான் திணறுகிறேன். வயதாகிவிட்டதா எனக்கு? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: வயதை விடுங்கள், இது மொழி படிக்கிற எல்லாருக்கும் நடக்கிற கூத்து. 1994-இல் ஜூடித் க்ரோல், எரிக்கா ஸ்டூவர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள், டச்சைத் தாய்மொழியாகக் கொண்டு ஆங்கிலமும் நன்றாகத் தெரிந்தவர்களை மொழிபெயர்க்கச் சொல்லிப் பார்த்தார்கள். ஆங்கிலத்திலிருந்து டச்சுக்கு வேகமாக வந்தார்கள், டச்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகத்தான் நேரம் பிடித்தது. அதிலும் பழங்களாக, மிருகங்களாக ஒரே இனத்துச் சொற்களை வரிசையாகக் கொடுத்தபோது டச்சிலிருந்து போகிற வழி இன்னும் மெதுவானது. திரும்பி வருகிற வழிக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதற்கு அவர்கள் சொன்ன காரணம் இது. புதுமொழிச் சொல் முதலில் தாய்மொழிச் சொல்லின் தோளில்தான் தொங்குகிறது, பொருளோடு அதற்கு நேரடிப் பழக்கம் குறைவு. அதனால் ‘லோஃபெல்’ என்றதும் ‘கரண்டி’ வந்து விழுகிறது, யோசிக்கவே வேண்டாம். ‘கரண்டி’ என்று ஆரம்பித்தாலோ முதலில் பொருள் எழும்பும், கூடவே முள்கரண்டி, கத்தி, தட்டு எல்லாம் எழுந்து இடிக்கும், அந்தக் கூட்டத்தில் புகுந்து ஜெர்மன் சொல்லைப் பிடித்து இழுத்து வரவேண்டும். உங்கள் திணறல் இதுதான்.

தேற ஆரம்பித்துவிட்டோமா என்று தெரிந்துகொள்ள, உங்கள் தப்புகளையே பாருங்கள். வேறோர் ஆய்வில், ஸ்பானிஷ் படித்த ஆங்கிலக்காரர்களிடம் ஒரு சொல்லைக் காட்டி, ‘ஆண்’ என்ற சொல்லுக்கு இது சரியான ஸ்பானிஷா என்று கேட்டார்கள். ஆண் அங்கே ‘ஓம்ப்ரே’, ‘ஆம்ப்ரே’ என்றால் பசி. புதியவர்கள் ‘ஆம்ப்ரே’யில் தடுமாறினார்கள்; தேர்ந்தவர்கள் ஓசைக்கு அவ்வளவாக ஏமாறவில்லை, பெண் என்று பொருள்படும் ‘முஹேர்’ வந்தபோது தடுமாறினார்கள். இப்போது நீங்கள் ‘கிர்ஹெ’ என்ற சர்ச்சையும் ‘கிர்ஷெ’ என்ற செர்ரிப்பழத்தையும் குழப்பினால் அது ஆரம்பப் பாடம். கரண்டி கேட்கப் போய் முள்கரண்டிக்கான ‘காபெல்’ வாயில் வந்துவிட்டால், சிரித்துவிட்டுச் சந்தோஷப்படுங்கள், சொல் பொருளோடு பேச ஆரம்பித்துவிட்டது.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இந்த விளக்கத்தை எல்லாரும் ஏற்கவில்லை. புதுச் சொல்லும் சீக்கிரமே பொருளோடு ஒட்டிக்கொள்கிறது, இந்த விளக்கத்தைக் கைவிடும் காலம் வந்துவிட்டது என்று 2010-இல் மார்க் பிரைஸ்பேர்ட், வூட்டர் டைக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எதிர்த்து எழுதினார்கள். எனக்கும் ‘முதலில் தோளில், பிறகு தனியாக’ என்று படிப்படியாக எல்லாச் சொல்லும் நடப்பதாகத் தோன்றவில்லை. ஊசியும் மாத்திரையும் கையில் இருக்கும்போது கேட்ட சொல் ஒரே நாளில் ஒட்டும், பட்டியலில் மனப்பாடம் செய்தது மாதக்கணக்கில் இழுக்கும்.

கேள்வி: அப்படியானால் நன்றாகத் தேறிய பிறகு தமிழ் நடுவில் வராதா? (அதே வாசகி)

பதில்: வரும், உங்களுக்குத் தெரியாமலே வரும். 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆங்கிலத்தில் தேர்ந்த சீனர்கள் ஆங்கிலச் சொற்களை இரண்டிரண்டாகப் பார்த்தார்கள். ‘ட்ரெய்ன்’, ‘ஹாம்’ என்ற ஜோடிக்கு ஆங்கிலத்தில் ஒரு உறவும் இல்லை. சீனத்தில் ‘ஹுவோசே’, ‘ஹுவோதுய்’, முதல் எழுத்து ஒன்றே. அவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை, மூளை அலை மட்டும் கவனித்திருந்தது. அதனால் தமிழை விரட்டப் பார்க்காதீர்கள், போகாது. நெல், அரிசி, சோறு மூன்றுக்கும் ஜெர்மனில் ‘ரைஸ்’தான், அங்கே போய் உட்கார்ந்து எந்த ரைஸ் என்று நீங்களே உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.