யெஸ்டி கிக்கர் திருப்பி அடித்தால்

நண்பரே, உங்கள் பழைய யெஸ்டி 250 பைக்கை உதைக்கும்போது கிக்கர் திருப்பி அடிக்கிறது, மேட்டில் ஏறும்போது எஞ்சின் டக்டக் என்று தட்டுகிறது என்றால் ஸ்பார்க் சீக்கிரமே விழுகிறது. கார்புரேட்டரைத் தொடாதீர்கள். முதலில் பாயின்ட் (திறக்கும்போது ஸ்பார்க் விழவைக்கும் தொடுமுனை) இடைவெளி பாருங்கள், 0.4 மி.மீ. போதும். அது கூடினாலே பாயின்ட் முன்கூட்டித் திறந்து டைமிங்கும், அதாவது ஸ்பார்க் விழும் நேரமும், முன்னே போய்விடும், இதைச் சரிசெய்யாமல் பாயின்ட் பொருத்திய பிளேட்டைத் திருப்புவது வீண். அப்புறம் பாயின்ட் நடுவே மெல்லிய தாளை வைத்து எஞ்சினை மெதுவாகச் சுற்றுங்கள். தாள் நழுவும்போது பிஸ்டன் மேல்முனைக்கு ஏறத்தாழ 3 மி.மீ. கீழே இருக்க வேண்டும். இடைவெளி ஒவ்வொரு முறையும் மாறினால் கிராங்க் முனையில் சுழலும் டைனமோ ரோட்டரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஆடினால் கிராங்க் பேரிங் தேய்ந்திருக்கிறது. தட்டலோடு தயவுசெய்து ஓட்டாதீர்கள், பிஸ்டன் ஓட்டையாகிவிடும்.