சிங்கப்பூரில் இருக்கும் புது எழுத்தாளர் தன் கதைப் புத்தகத்தைத் தானே வெளியிட்டு விற்க முடியுமா? போட்ட காசு திரும்புமா?

வெளியிட முடியும். காசு திரும்புவதுபோலத் தோன்றும், திரும்பாது. கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் சொல்கிறேன், நம்புங்கள்.

உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. கதை கையில் தயாராக இருக்கும். ஊரில் ஒரு பதிப்பாளரிடம் அனுப்பியிருப்பீர்கள். அவர் "அருமை" என்று சொல்லிவிட்டு, செலவை நீங்களே ஏற்க முடியுமா என்று கேட்டிருப்பார். 'நாமே செலவு செய்வதென்றால் நாமே போட்டுவிடலாமே' என்று இராத்திரி மூன்று மணிக்குத் தோன்றியிருக்கும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, 2019இல்.

பதினான்கு சிறுகதைகள். டெமி அளவில் 144 பக்கம், அதாவது பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்ற அச்சகக் கணக்கில் ஒன்பது ஃபாரம். சென்னையில் 300 பிரதி அச்சடித்தேன். அச்சுக்கூலி, பக்க வடிவமைப்பு, அட்டை, கார்கோ எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 800 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். பாதிப் புத்தகத்தை என் வீட்டுக்காரர் விமானத்தில் தன் 30 கிலோ பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்தார். மாமியார் கொடுத்துவிட்ட வடகமும் மாவடுவும் அங்கேயே நின்றுபோயின. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

பெட்டியைப் பிரித்ததும் இரண்டு அதிர்ச்சி. நான் யூனிகோடில் தட்டிக் கொடுத்ததை அச்சகத்தில் வேறு எழுத்துருவுக்கு மாற்றியதில் 'ஔ' எல்லாம் 'ஒ', 'ள' என்று இரண்டாகப் பிளந்து கிடந்தது. என் கதைநாயகி பெயர் ஔவை. மெய்ப்பு பார்த்தபோது திரையில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. இரண்டாவது என் தப்பு: ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணை வாங்கவே மறந்திருந்தேன். நாமே பதிப்பாளர் என்றால் தேசிய நூலக வாரியத்திடம் விண்ணப்பித்தால் போதும், கட்டணம் கிடையாது. 978-981 என்று தொடங்கும் எண் கொடுப்பார்கள். அச்சுக்குப் போகுமுன் வாங்க வேண்டியதை நான் பிறகு வாங்கி, பட்டைக்கோடு ஸ்டிக்கர் அடித்து, யீஷூன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் குடும்பமே உட்கார்ந்து 300 பிரதியிலும் ஒட்டினோம். பின்னட்டைக் குறிப்பின் கடைசி வரி ஸ்டிக்கருக்கு அடியில் போய்விட்டது. "இக்கதைகள் உங்களை" என்பதோடு நிற்கும். உங்களை என்ன செய்யும் என்பது எனக்கும் என் பிள்ளைகளுக்கும் மட்டும் தெரியும்.

இன்னொன்று. புத்தகம் வெளிவந்த நான்கு வாரத்துக்குள் இரண்டு பிரதியை வாரியத்துக்குக் கொடுத்தாக வேண்டும். அது சட்டம்.

சரி, வெளியீட்டு விழாவுக்கு வருகிறேன். மண்டபம், வடை, கேசரி, தேநீர், பொன்னாடை என்று 1,150 வெள்ளி. வந்தவர்கள் 120 பேர் இருக்கும். பேசியவர்கள் ஆறு பேர், அதில் நால்வர் புத்தகத்தைத் தொடாமலே பேசினார்கள். முதல் பிரதி பெற்றுக்கொண்டவர் மேடையிலேயே அதைச் சுருட்டி விசிறிக்கொண்டார். இராத்திரி வீட்டுக்கு வந்து, புத்தகம் வாங்கியவர்கள் காசு வைத்துக் கொடுத்த உறைகளைப் பிரித்தோம். பத்து வெள்ளி, இருபது, சில ஐம்பது. ஓர் உறையில் வெறும் வாழ்த்து அட்டை. மொத்தம் 1,340 வெள்ளி, 87 பிரதி போயிருந்தது. விழாச் செலவு போக 190 வெள்ளி மிச்சம். "பரவாயில்லையே, அச்சுக் காசில் கால்வாசி வந்துவிட்டதே" என்றார் வீட்டுக்காரர்.

எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. அப்புறம்தான் விளங்கியது, அது விற்பனையே இல்லை, மொய். யார் எவ்வளவு வைத்தார்கள் என்று நோட்டில் குறித்து வைத்தேன் பாருங்கள், அதிலேயே தெரிந்திருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு அவர் வெளியீடு, அதற்கடுத்த சனிக்கிழமை இவர் வெளியீடு. ஏப்ரல் வந்தால் தமிழ்மொழி விழா, கேட்கவே வேண்டாம். இதுவரை 23 விழாவுக்குப் போய் உறை வைத்திருக்கிறேன். நோட்டின் இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பார்த்தால் எனக்குத்தான் நட்டம். 87 பேரில் படித்துவிட்டுப் பேசியவர்கள் ஆறு பேர். அதில் ஒருவர் என் தங்கை.

விழா நடத்துபவர்களைக் கேலி செய்வதாக யாராவது கருத்துப்பெட்டியில் சண்டைக்கு வருவீர்கள், தெரியும். அந்த 120 பேரும் ஞாயிற்றுக்கிழமையை எனக்காகக் கொடுத்தார்கள், நன்றி மறக்கவில்லை. உதவிப்பணம் கிடைக்காத வயிற்றெரிச்சல் என்றும் நினைக்க வேண்டாம். தேசிய கலைகள் மன்றத்தின் நிதிக்கு நான் விண்ணப்பிக்கவே இல்லை. நீங்கள் விண்ணப்பியுங்கள்.

இங்கே எனக்கு உண்மையில் எரிவது வேறு. அலுவலகத்தில் ஒரு தங்கச்சி, மகனின் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) தமிழுக்கு மாதம் நூற்றுக்கணக்கில் துணைப்பாடத்துக்குக் கொட்டுகிறாள். பயிற்சித் தாள் கட்டுக்கட்டாக வாங்குகிறாள். "பையனுக்கு ஒரு கதைப் புத்தகம் கொடுடா, தானாகத் தமிழ் வரும்" என்றேன். "அதுக்கெல்லாம் எங்கக்கா நேரம், கதை படிச்சா மார்க் வருமா?" என்கிறாள். நான் என் புத்தகத்தை விற்கப் பார்க்கவில்லை, அது பெரியவர்களுக்கான கதை. ஆனாலும் தேர்வு முடிந்த மறுநாள் தமிழை மூட்டை கட்டிப் பரண்மேல் போடும் பிள்ளைகளை வளர்த்துவிட்டு, புத்தகம் விற்கவில்லை என்று எழுத்தாளர்கள் புலம்பி என்ன பயன்? இதை இத்தோடு விடுகிறேன், இரத்த அழுத்தம் ஏறுகிறது.

எனக்கு வாசகர்கள் கிடைத்த இடம் இரண்டு. ஒன்று நூலகம். இரவல் பிரிவுக்குச் சில பிரதிகள் வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு தினமும் படுக்கப்போகும் முன் நூலகச் செயலியில் என் பெயரைத் தட்டிப் பார்ப்பேன். ஒருநாள் உட்லண்ட்ஸ் நூலகப் பிரதி இரவல் போயிருந்தது. யாரோ ஒரு முகம் தெரியாத ஆள், உறை வைக்க வேண்டிய கட்டாயமில்லாத ஆள். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டாவது கிண்டில், அமேசானின் மின்நூல் கடை. 2020இல் சர்க்கிட் பிரேக்கர் என்ற கோவிட் முடக்கத்தில் நூலகமெல்லாம் மூடிக்கிடந்தபோது ஏற்றினேன். செலவு இல்லை. கேடிபி செலக்ட் என்ற அவர்களுடைய திட்டத்தில் சேர்ந்தால் 90 நாளைக்கு அதே மின்நூலை வேறெங்கும் போடக்கூடாது. பதிலுக்கு அந்த 90 நாளில் ஐந்து நாள் இலவசமாகக் கொடுக்கலாம். இந்தியாவில் விற்பதற்கு 70 விழுக்காடு ராயல்டியும் அதில் சேர்ந்தால்தான், இல்லையேல் 35. அமெரிக்கத் தளத்தில் விற்றால் 30 விழுக்காட்டை அவர்கள் வரியாகப் பிடிப்பார்கள், சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் இல்லை.

காசைவிட எனக்கு உதவியது அதில் வரும் பக்கக் கணக்கு. மாதச் சந்தா கட்டிப் படிப்பவர்கள் தினம் எத்தனை பக்கம் படித்தார்கள் என்று வரைபடத்தில் கம்பி கம்பியாகக் காட்டும். அவர்கள் எண்ணும் பக்கம் அச்சுப் பக்கம் இல்லை. முதல் மாதம் மூன்று வெவ்வேறு நாளில் 55க்கும் 60க்கும் நடுவே கம்பி நின்றது, மறுநாள் ஒன்றுமில்லை. எடுத்துப் பார்த்தால் அந்த இடத்தில் நான்காவது கதை. விழாவில் இரண்டு பேர் வானளாவப் புகழ்ந்த கதை! திரும்பப் படித்தேன். எனக்கே கொட்டாவி வந்தது. அதைக் கடைசிக்குத் தள்ளி, ஏழாவதை முன்னால் போட்டேன். மறுமாதம் ஒருநாள் கம்பி 170க்கு மேல் போனது.

அதனால் உங்களுக்கு: முதலில் மின்நூலாகப் போட்டு, எங்கே விடுகிறார்கள் என்று பாருங்கள். உங்களை அறியாத இரண்டு பேர் படித்த பிறகு 100 பிரதி அடித்தால் போதும், 300 வேண்டாம். அச்சுக்கு அவசரமில்லை என்றால் இன்னும் எங்கும் வெளியிடாத நல்ல சிறுகதை ஒன்றைத் தங்கமுனை விருது என்ற சிங்கப்பூர் எழுத்துப் போட்டிக்கு அனுப்பிப் பாருங்கள்.

விழா வைத்தால் எனக்கும் சொல்லியனுப்புங்கள். நோட்டில் உங்களுக்கு ஒரு வரி போட்டுவைக்கிறேன்.