ஸ்லாப்பை உடைக்காதீர்கள்

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறேன். 1952 டாப்ஸ் வில்லி மேஸ் பேஸ்பால் கார்டு (எண் 261, கிரேடிங் நிறுவனம் தந்த தர மதிப்பெண் அதாவது கிரேடு 10-க்கு 7) ஒரு வியாபாரியிடம் 18,000 டாலருக்கு வாங்கினேன். கைக்கு வந்து 3 வருடம் 7 மாதம் ஆகிறது. இதே கார்டு பழைய ஏலப் பட்டியல் ஒன்றில் கிரேடு 4 ஆக இருக்கிறது. அதே அச்சுப் புள்ளி, ஆனால் அந்தப் படத்தில் இடது ஓரம் இன்னும் அகலம். வெட்டிவிட்டுத் திரும்பக் கிரேடு வாங்கியிருக்கிறார்கள். நண்பராகப் பழகிய வியாபாரி கார்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு 13,500 தருகிறேன் என்கிறார். ஸ்லாப்பை (கிரேடிங் நிறுவனம் கார்டை அடைத்து மூடித் தரும் பிளாஸ்டிக் உறை) உடைத்து அளந்து, கிரேடிங் நிறுவனத்தின் மீதும் வழக்குப் போடலாமா?

பதில்: பழகிய நட்பு, அவர் பேசிய விதம், உங்கள் மனவேதனை எதையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்காது. கார்டு கைக்கு வந்த தேதிதான் முக்கியம். பொருள் விற்பனைக்கான சட்டமான யூனிஃபார்ம் கமர்ஷியல் கோடு, 2-725 பிரிவில் வழக்குப் போடத் தரும் நான்கு வருடம் அன்றிலிருந்து ஓடுகிறது, நீங்கள் கண்டுபிடித்த நாளிலிருந்து அல்ல. மிச்சம் ஐந்து மாதம். கெடுவை ஒரு வருடம் வரை குறைக்கச் சட்டம் விடுகிறது. பில்லின் பின்பக்கத்தைப் படியுங்கள், அப்படி வரி இருந்தால் கெடு முடிந்தே போயிருக்கலாம். நியூஜெர்சி நுகர்வோர் மோசடிச் சட்டத்தில் ஆறு வருடமும் மூன்று மடங்கு இழப்பீடும் உண்டு. ஆனால் வெறும் ஒப்பந்த மீறல் அங்கே போதாது. ஸ்லாப்பில் உள்ள கிரேடு லேபிளை நம்பி விற்றவர் மீது அதை நிறுவுவது கடினம்.

இப்போது ஸ்லாப். இந்த வழக்குகள் பெரும்பாலும் சாவது இங்கேதான். உடைத்த நிமிடமே கிரேடிங் நிறுவனத்தின் உத்தரவாதம் பொதுவாகச் செல்லாது. அதைவிட மோசம், "வெட்டியது நீங்கள்தான், அல்லது வேறு கார்டை மாற்றி வைத்திருக்கிறீர்கள்" என்று வியாபாரி சொன்னால் மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது. வேறு நிறுவனத்துக்கு அனுப்பினாலும் அவர்கள் உடைக்கக்கூடும். ஸ்லாப்போடு பார்க்கவே சம்மதம் என்று எழுதித்தான் அனுப்ப வேண்டும்.

அளந்தும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அந்தக் கார்டின் அளவு 2⅝ × 3¾ அங்குலம். அன்றைய ஆலை வெட்டில் 1/32 அங்குலம் கூடுவதும் குறைவதும் சகஜம் என்று எதிர்த்தரப்பு நிபுணர் சொல்வார், அது உண்மையும்கூட. உங்கள் சாட்சி அந்தப் பழைய படம். ஸ்லாப்போடு இரண்டு பக்கமும் உயர் தெளிவில் ஸ்கேன் செய்து, அச்சுப் புள்ளி, மை சிதறல், நான்கு ஓரங்களின் அகலம் எல்லாவற்றையும் பட்டியல் படத்தோடு பொருத்துங்கள். 10 மடங்கு லென்ஸில் இடது விளிம்பு மற்ற மூன்றைவிட வெள்ளையாக, கூர்மையாக, பழுப்பேறாமல் தெரிந்தால் அதையும் படமெடுங்கள். லேபிளில் உள்ள சான்றிதழ் எண்ணும் படத்தில் விழ வேண்டும்.

கிரேடு வெறும் கருத்து என்று வாதாடுவார்கள். பில்லில் "மாற்றம் செய்யப்படாதது" என்று எழுதியிருந்தால் உங்கள் கை ஓங்கும். பேஸ்பால் கார்டுகளிலேயே புகழ்பெற்ற ஹோனஸ் வாக்னர் டி206 கார்டை வெட்டியதாக ஏல நிறுவனம் நடத்திய பில் மாஸ்ட்ரோ 2013-இல் ஒப்புக்கொண்டார். அதுவும் கிரேடு 8 வாங்கிய கார்டுதான். லேபிளை நம்பியது உங்கள் குற்றமல்ல. ஆனால் லேபிள் மட்டும் வழக்கை ஜெயித்துக் கொடுக்காது.

என் யோசனை: இந்த வாரமே குறையை எழுத்தில் தெரிவியுங்கள், அதே கோடின் 2-607 பிரிவு தாமதத்தை மன்னிக்காது. 15,000 கேளுங்கள், மறுத்தால் 13,500 வாங்கிக்கொள்ளுங்கள். நிபுணர் கட்டணமும் வக்கீல் கட்டணமும் போனால் ஜெயித்தாலும் அதைத் தாண்டுவது சந்தேகம். பேச்சு இழுத்தால் கெடுவை நிறுத்தி வைக்கும் ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்தை வாங்குங்கள். பணம் கணக்கில் ஏறும் வரை கார்டைக் கொடுக்காதீர்கள்.

எக்காரணம் கொண்டும் அதை ஏலத்தில் போடாதீர்கள். தெரிந்தே மறைத்து விற்றுத் தபாலில் அனுப்பினால் அது ஃபெடரல் மோசடிக் குற்றம். அந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நீங்கள் நிற்பீர்கள்.