மண்ணு பிசையறதுக்கா ஃபீஸ் கட்றோம்?

டெல்லி ஜனக்புரியிலேர்ந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க, பேர் வேணாம்னுட்டாங்க. பெரியவன் பி.டெக். முடிச்சு குர்காவ்ல வேலைக்கு சேர்ந்தானாம், மேனேஜர் எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டார்னு மூணே மாசத்துல பேப்பர் போட்டுட்டு வீட்டோட இருக்கானாம். பேங்க்ல ஒரு ஃபார்ம் ஃபில் பண்ணணும்னாலும் அப்பா கூட போகணுமாம். "இத்தன வருஷம் ஸ்கூலுக்கு கொட்டிக் கொடுத்தோம், வாழ்க்கைக்கு வேண்டியது ஒண்ணு கூட சொல்லித் தரலியே அக்கா, சின்னவ எட்டாவது படிக்கறா, அவளையாவது நல்ல ஸ்கூலா பார்த்து மாத்திடலாமா"ன்னு கேக்கறாங்க.

ஏம்மா, நாலு பக்கம் எழுதியிருக்கீங்க, அதுல மூணாவது பக்கத்துல போற போக்குல ஒரு வரி இருக்கு. "போன வருஷம் பேக்லெஸ் டேன்னு உத்தம் நகர்ல குயவங்க இருக்கற கும்ஹார் காலனிக்கு கூட்டிட்டு போனாங்க, மண்ணு பிசையறதுக்கா ஃபீஸ் கட்றோம், ஜுரம்னு லெட்டர் கொடுத்துட்டு வீட்ல மேத்ஸ் போட வச்சேன்." எழுதிட்டு அடுத்த வரியிலயே பையன் கதைக்கு போயிட்டீங்க. நான் போகல, அங்கயே நின்னுட்டேன்.

ஸ்கூல் எதுவும் சொல்லித் தரலேன்னு புகார் பண்றீங்க, சொல்லித்தர கூப்பிட்ட அன்னைக்கு நீங்கதான் கதவை சாத்தியிருக்கீங்க. 2020ல வந்த தேசிய கல்விக் கொள்கையில ஆறுலேர்ந்து எட்டாவதுக்குள்ள ஒவ்வொரு புள்ளையும் 10 நாள் புத்தகப் பை இல்லாம உள்ளூர் தொழில்காரங்ககிட்ட போய் கத்துக்கணும்னு எழுதியிருக்கு, தச்சர், தோட்டக்காரர், குயவர்னு பேர் சொல்லியே எழுதியிருக்கு. உங்க வீட்லேர்ந்து மெட்ரோ ஏறினா உடனே வர்ற உத்தம் நகர்ல அந்தக் குயவர் இருக்கார், ஸ்கூலும் ஏதோ மனசு வந்து பஸ் வச்சு கூட்டிட்டுப் போயிருக்கு, உங்க பொண்ணு மட்டும் இல்லாத ஜுரத்தோட வீட்ல உட்கார்ந்து கணக்கு போட்டிருக்கா.

என்ன கணக்கு? போன வருஷம் ஏழாவதுதானே, லாப நஷ்டமும் பர்சன்டேஜுமா தானே இருக்கும். அந்த சந்துல போய் நின்னு பார்த்திருக்கீங்களா? மண்ணை ஊற வச்சு, கல்லு பொறுக்கி, காலால மிதிச்சு பதம் பண்ணி, சக்கரத்துல ஏத்தி, நிழல்ல வச்சு காய வைப்பாங்க, வெயில்ல போட்டா வெடிச்சுடும். அப்புறம் சூளை. சூளையைப் பிரிச்சா நூத்துல பத்து உடைஞ்சு கிடக்கும்னு வச்சுக்கோங்க, மிச்ச தொண்ணூறை என்ன விலைக்கு வித்தா மண்ணு காசு, விறகு காசு போக கைக்கூலி நிக்கும்? தீபாவளிக்கு ஆர்டர் கொடுத்த கடைக்காரர் கடன் சொன்னா அடுத்த லோடு மண்ணுக்கு காசு எங்கேர்ந்து வரும்? இதெல்லாம் அந்த வீட்டுப் பையன் தினம் போடற கணக்கு. உங்க பொண்ணு போய் ஒரு விளக்கு கோணலா பண்ணி, அந்த பெரியவர்கிட்ட "மண்ணை வீணாக்கிட்டியே பொண்ணே"ன்னு ரெண்டு வார்த்தை வாங்கியிருந்தா இன்னும் நல்லாயிருந்திருக்கும். உங்க பையன் இருபத்திரண்டு வயசு வரைக்கும் வெளியாள் ஒருத்தர்கிட்ட வேலைக்காக திட்டு வாங்கினதே கிடையாதுன்னு நினைக்கறேன், ஸ்கூல்ல எந்த மிஸ்ஸாவது முகம் சுளிச்சிருந்தா நீங்க மறுநாள் காலையில கேட்டுல நின்னிருப்பீங்க, அதனாலதான் ஒரு மேனேஜர் குரல் ஒசந்ததும் ஆட்டம் கண்டுடுச்சு. அந்த மேனேஜர் யோக்கியரா இல்லையாங்கறது வேற விஷயம்.

இன்னொண்ணும் உறுத்துது. "மண்ணு பிசையறது"ன்னு எழுதின தொனி. கார்த்திகைக்கு அகல், நவராத்திரிக்கு கொலு பொம்மை எல்லாம் மண்ணு பிசைஞ்ச கையிலேர்ந்து தானே வருது, அதையும் பத்து ரூபா பேரம் பேசித்தானே வாங்கறோம். கையால செய்யற வேலை கீழானதுன்னு வீட்ல ஒரு எண்ணம் இருந்துட்டா எந்த சிலபஸும் அதுக்கு முன்னாடி நிக்காது. 1937ல வார்தாவுல காந்தி கைத்தொழிலை வச்சுத்தான் படிப்புன்னார், 1977ல ஈஸ்வர்பாய் படேல் கமிட்டி எஸ்யூபிடபிள்யூன்னு, அதாவது சமூகத்துக்கு உபயோகமான கைவேலைன்னு ஒண்ணு கொண்டு வந்தது, நம்ம பசங்க டைம்டேபிள்ல அந்த பீரியட் இருக்கும், எக்ஸாம் நெருங்கினா கணக்கு சார் வந்து எடுத்துப்பார். எந்த பேரன்ட்டாவது போய் ஏன்னு கேட்டதுண்டா? சந்தோஷமா விட்டோம்.

அதுக்காக ஸ்கூலை நான் தப்பிக்க விடல. பாதி ஸ்கூல் இதை பிக்னிக் மாதிரி பண்றாங்க, பஸ்ல போறது, சக்கரத்தை தொட்டு ஒரு ஃபோட்டோ, சமோசா, திரும்பி வந்துடறது. ஒரே இடத்துக்கு நாலு நாள் அனுப்பணும், கணக்கு நோட்டுல எழுதிட்டு வரச் சொல்லணும், கணக்கு டீச்சர் அதை வச்சே பாடம் எடுக்கணும். டெல்லி கவர்மென்ட் ஸ்கூல்கள்ல 2021ல 11, 12 பசங்களுக்கு தலைக்கு 2000 ரூபா கொடுத்து டீமா சேர்ந்து ஏதாவது வியாபாரம் பண்ணிப் பாருங்கன்னு விட்டாங்க. நஷ்டமானாலும் சொந்தமா ஒரு நஷ்டத்தைப் பார்த்த புள்ளை அது. லட்சக்கணக்குல ஃபீஸ் வாங்கற பிரைவேட் ஸ்கூலுக்கு இது ஏன் தோணலன்னு நீங்க கேக்கலாம், ஆனா ஜுரம் லெட்டர் கொடுத்தவங்க கேட்டா யாரும் காது கொடுக்க மாட்டாங்க.

ஸ்கூல் மாத்த வேணாம். எங்க மாத்தினாலும் நீங்களும் கூடவே போவீங்க.

பொண்ணுக்கு இப்ப பண்ண வேண்டியது இருக்கு. ஒன்பதாவது வரும்போது சிபிஎஸ்இல ஆறாவது சப்ஜெக்டா ஒரு ஸ்கில் சப்ஜெக்ட், அதாவது தொழில் சார்ந்த பாடம் எடுக்கலாம். பத்தாவதுல மேத்ஸ், சயின்ஸ், சோஷியல் மூணுல ஒண்ணு போச்சுன்னா அந்த இடத்துல இதை எடுத்துப்பாங்க, அதனால பாதிப்பேர் ஒரு இன்ஷூரன்ஸா வாங்கி போட்டுட்டு மறந்துடறாங்க. அப்படி எடுக்காதீங்க, ப்ராக்டிகல் எங்க நடக்குது, யார் எடுக்கறாங்கன்னு போய் பாருங்க. பத்து வயசு தாண்டின பசங்க தங்களோட சேவிங்ஸ் அக்கவுண்டை தாங்களே நடத்த பேங்க் விடலாம்னு 2014லயே ரிசர்வ் பேங்க் சொல்லியாச்சு, ஒரு அக்கவுண்ட் போட்டுக் கொடுங்க. ஃபார்மை அவளே எழுதட்டும், தப்பா எழுதினா கிழிச்சுட்டு இன்னொண்ணு எழுதட்டும், நீங்க பேங்க்கு வெளியில பெஞ்சுல உட்காருங்க.

பையன் விஷயம். பேங்க்குக்கு அவனோட அப்பா துணைக்குப் போறதை இன்னைக்கோட நிறுத்தச் சொல்லுங்க. கரன்ட் பில், கேஸ், தாத்தாவோட மாத்திரை, டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எல்லாம் இனிமே அவன் பொறுப்பு, வேலை கிடைச்சாலும் அவன் பொறுப்புதான். பெத்தவங்க வீட்ல சாப்பிடற ஆம்பளைப் புள்ளைக்கு வீட்டுக் கடமை கிடையாதுன்னு எங்கயும் எழுதி வைக்கல. வீட்டுக்காரரோட சம்பளம் எவ்வளவு, ஃப்ளாட் லோன் எவ்வளவு பாக்கின்னு பசங்க ரெண்டு பேருக்கும் சொல்லுங்க, மறைச்சு வச்சு என்ன சாதிச்சோம்.

அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு போறப்ப மார்க் ஷீட்டை கையில வாங்கறதுக்கு முன்னாடி க்ளாஸ் டீச்சர்கிட்ட அன்னைக்கு ஜுரம் இல்லேன்னு பொண்ணு எதிர்லயே சொல்லிடுங்க. இந்த வருஷம் எங்க கூட்டிட்டுப் போறாங்கன்னு அப்புறமா கேளுங்க, துணைக்கு ஆள் வேணும்னா நானும் வரேன்னு சொல்லுங்க.