உப்புப் படிந்த காரும் உறைந்த கதவும்

கேள்வி: அண்ணை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இது எனக்கு இரண்டாவது வின்ரர். பழைய கொறோலா ஒன்று வாங்கியிருக்கிறேன். "ஏப்ரல் வரைக்கும் கழுவாதே, ஐஸை உருக்க வீதிக்குப் போடுகிற உப்பு காரில் காய்ந்தபடி இருந்தால் கறள் பிடிக்காது, தண்ணீர் பட்டால்தான் பிடிக்கும்" என்று வேலையிடத்தில் சொல்கிறார்கள். கேட்கலாமா?
— ஸ்காபரோ வாசகர்

பதில்: அப்படிச் சொன்னவர் தன் காரின் அடியைக் குனிந்து பார்த்திருக்க மாட்டார். ஆனால் முழுப்பொய்யும் இல்லை. மைனஸ் 15இல் காய்ந்து கிடக்கிற உப்பு பெரிதாக ஒன்றும் செய்யாது. ரொறன்ரோக் குளிர் அப்படி ஒரே நிலையில் நின்றால் நானும் கழுவ வேண்டாம் என்றுதான் சொல்வேன். நிற்காதே! ஜனவரியிலும் இடைக்கிடை பிளஸ் 3, பிளஸ் 4 வரும். சினோ, அதுதான் வெண்பனி, உருகும், உப்பு கரையும், கரைந்தது தகட்டு மடிப்புகளுக்குள் போய் உட்காரும். கறள் அன்றைக்குத்தான் வேலையைத் தொடங்குகிறது. சூடேற்றிய கராஜுக்குள் உப்போடு காரை விடுகிறவர்களுக்கு இது ஒவ்வொரு இரவும் நடக்கிறது. காருக்குச் சுகம் கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு செய்வார்கள், பாவம்.

இன்னொரு விஷயம். சாதாரண உப்பு மைனஸ் 10க்குக் கீழே ஐஸை உருக்குவதில் மந்தமாகிவிடும். அதனால் கடுங்குளிரில் கல்சியம் குளோரைட், மக்னீசியம் குளோரைட் போன்றவற்றையும் வீதிக்குப் போடுவார்கள். இவை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். காய்ந்துவிட்டது என்று நினைக்கிற கதவில் விரலை இழுத்துப் பாருங்கள், பிசுபிசுக்கிறதா? காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஆகவே நான் நாள் பார்த்துக் கழுவுகிறவன். சினோ கொட்டி, உப்பு லொறிகள் ஓடி முடிந்து, பகலில் வெப்பநிலை பூச்சியத்தைத் தொடுகிற நாளில் மத்தியானத்தோடு போவேன். அன்றைக்கு ஊரே வரிசையில் நிற்கும், நில்லுங்கள். பின்னேரம் போனால் சொட்டுவதெல்லாம் ஐஸாகிவிடும். காசு போட்டுக் கழுவும் இடமென்றால், முதல் போடுகிற காசு முழுவதும் அடிப்பக்கத்துக்குத்தான். நாலு சில்லு வளைவுகளின் உள்விளிம்பு, கதவுக்குக் கீழுள்ள சட்டம், பின் பம்பரின் அடி. சில்லு வளைவின் மடிப்புக்குள் ஒருமுறை விரலை விட்டுப் பாருங்கள், ஈரச் சீமெந்து போல ஒரு குழையல் கையோடு வரும். அதை எடுக்காமல் பொனற்றைப் பளபளக்க வைத்து என்ன பிரயோசனம்?

அங்கே தொங்குகிற நுரைத் தூரிகையை மட்டும் தொடாதீர்கள். உங்களுக்கு முன்னால் வந்தவர் அதாலேயே தன் ட்ரக்கின் சில்லைத் தேய்த்திருப்பார். அந்த மணல் உங்கள் கதவைக் கீறும்.

கேள்வி: போன கிழமை மைனஸ் 12இல் கார்வொஷ் போய்வந்தேன். அடுத்த நாள் காலை நாலு கதவும் திறக்கவில்லை. கொதிதண்ணீர் ஊற்றலாமா?
— மார்க்கம் வாசகி

பதில்: ஐயோ, வேண்டாம் தங்கச்சி. அதைச் செய்து பார்த்தவன் சொல்கிறேன். நான் வந்த முதல் வருடம், பன்னிரண்டு வயதுக் கார் ஒன்றை அப்பார்ட்மென்ட் வாசலில் சமையலறை வாளியால் கழுவினேன். காலையில் கதவுகள் ஒட்டிக்கிடந்தன. கேத்தல் தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றினேன். ஒரு கதவு திறந்தது, அதே வேகத்தில் முன் கண்ணாடியில் ஒரு வெடிப்பும் ஓடியது. ஊற்றிய தண்ணீர் கொஞ்ச நேரத்தில் பூட்டுக்குள் போய் மறுபடி உறைந்தது. அடுத்த நாள் பின்கதவால் ஏறி, இருக்கைகளுக்கு மேலால் ஊர்ந்துபோய் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். பக்கத்து வீட்டுக் கிழவி ஜன்னலில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டே முழுவதையும் பார்த்தாள்.

ஒட்டிய கதவை வெளிப்பக்கம் இழுக்காதீர்கள், றப்பர் கிழியும், கைபிடி உடையும். முதலில் உள்ளங்கையால் விளிம்பைச் சுற்றி உள்ளே அழுத்துங்கள், ஐஸ் நொறுங்கும். ரிமோட்டில் ஸ்ரார்ட் ஆகிற கார் என்றால் கொஞ்ச நேரம் உள்ளே சூடேற விடுங்கள்.

இனிமேல், கழுவி வெளியே வந்தவுடன் ஓரமாக நிறுத்தி, எல்லாக் கதவையும் டிக்கியையும் திறந்து றப்பரையும் அது படிகிற விளிம்பையும் துவாயால் துடையுங்கள். பெற்றோல் மூடியின் சிறு கதவையும் மறக்க வேண்டாம். நாலு நிமிட வேலை. நவம்பரில் ஒருமுறை றப்பருக்குச் சிலிக்கோன் ஸ்பிரே (ஒட்டுகிற சிலிக்கோன் அல்ல) அடித்துவைத்தால் பாதித் தொல்லை குறையும். வீட்டுக்கு வரும் வழியில் பின்னால் யாரும் இல்லாத இடத்தில் இரண்டு மூன்று தடவை மெதுவாகப் பிரேக் பிடியுங்கள், தட்டுகள் காயும். இழுக்கிற வகைக் கைப்பிரேக் என்றால், சமதரையில் அன்றிரவு அதைப் போடாமல் கியரை மட்டும் 'பி'யில் விடுங்கள்.

கேள்வி: கொண்டோ அடுக்குமாடியின் நிலக்கீழ்த் தரிப்பிடம். குழாய் கிடையாது. ஒரு வாளித் தண்ணீரில் கழுவலாம் என்கிறார்களே?
— மிசிசாகா வாசகர்

பதில்: கழுவலாம், நிர்வாகம் ஓமென்றால். அலசத் தேவையில்லாத கழுவும் திரவம் என்று விற்கிறார்கள். பெரும்பாலானவற்றுக்கு ஏழெட்டு லீற்றர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 30 மில்லி போதும், ஆனாலும் போத்தலில் எழுதியிருப்பதைப் பாருங்கள். ஏழெட்டு மைக்ரோபைபர் துவாய்களை அதில் ஊறப்போடுங்கள். ஒன்றை எடுத்து நாலாக மடித்து, ஒரு கதவுக்கு ஒரு பக்கம். அழுக்கான பக்கம் திரும்ப வாளிக்குள் போகக் கூடாது. எல்லாப் பக்கமும் முடிந்தால் அடுத்த துவாய்.

மெல்லிய தூசிக்கு மட்டும்தான் இது. உப்பு வெள்ளையாகப் பொருக்கு விட்டிருந்தால், முதலில் காசு போடும் இடத்தில் தண்ணீரை அடித்துப் பொருக்கைக் கழற்றிவிட்டு வாருங்கள். பொருக்கின் மேல் துவாய் போட்டால் உப்புத்தாளால் தேய்த்தது போலத்தான்.

கேள்வி: கால்மிதி விரிப்பில் வெள்ளை வெள்ளையாக வரைபடம். சவர்க்காரம் போட்டும் திரும்ப வருகிறது.
— பிராம்ப்டன் வாசகி

பதில்: உப்பு அடியில் இருக்கிறது, அதுதான் காயக் காய மேலே வருகிறது. காய்ந்ததை வாக்கூம் பண்ணிவிட்டு, வினாகிரியும் வெந்நீரும் சரிபாதி கலந்து தெளித்து, பழைய துவாயை மேலே வைத்துக் காலால் அழுத்துங்கள். தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். இரண்டு மூன்று தரம் செய்ய வேண்டிவரும். ஒரு நாள் கார் ஊறுகாய்ப் போத்தல் மாதிரி மணக்கும், பிறகு போய்விடும்.

கேள்வி: எங்கள் வீட்டுக்காரர் மைனஸ் 5இலும் டிரைவ்வேயில் ஹோஸ் பிடித்துக் கழுவி, வாக்ஸும் போடுகிறார். நீங்களாவது சொல்லுங்கள்.
— பெயர் வேண்டாம், ஏஜக்ஸ்

பதில்: வாக்ஸ் நவம்பருக்கு முன் போடுகிற சாமான், குளிர்ந்த தகட்டில் சரியாகப் பிடிக்காது. தண்ணீரோ நடைபாதைக்கு ஓடி உறையும், அதில் முதலில் வழுக்கப் போவது தபால்காரர். ஹோஸுக்குள் நிற்கிற தண்ணீர் உறைந்தால் சுவருக்குள்ளே குழாயும் வெடிக்கலாம். வீட்டுக்குள்ளே அந்தக் குழாய்க்குரிய தண்ணீர் அடைப்பானை இன்றைக்கே பூட்டி, ஹோஸைக் கழற்றிச் சுருட்டி, அவர் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள்.