புது வீட்டுக் கூடத்தில் மாட்ட, குடும்பப் படங்களுள் எதைக் கேன்வாஸில் அச்சிடலாம்?

உங்கள் கேள்வியைப் படித்தவுடன், எங்கள் வீட்டுப் பீரோவுக்குப் பின்னால் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருக்கும் மூன்றடிக் கேன்வாஸ்தான் நினைவுக்கு வந்தது. நீங்களும் பெரும்பாலும் எல்லோரும் வரிசையாக நிற்கும் குழுப் படத்தையே மனத்தில் வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அதை மட்டும் செய்ய வேண்டாம்.

என் பெற்றோரின் மணிவிழாவில் உறவினர் முப்பத்திரண்டு பேர் மூன்று வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட படத்தை, மூன்றடிக்கு இரண்டடி அளவில் அச்சிடக் கொடுத்தேன். புகைப்படக்காரர் மூலக் கோப்பைத் தர மூன்று மாதம் இழுத்தடித்ததால், அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த படத்தையே பயன்படுத்தினேன். வாட்ஸ்அப் சுருக்கிவிட்ட அந்தக் கோப்பின் நீளப் பக்கம் 1600 பிக்சல், அதாவது படத்தை ஆக்கும் நுண்புள்ளிகள், மட்டுமே. 36 அங்குலத்துக்கு அதை இழுத்தால் அங்குலத்துக்குச் சுமார் 44 பிக்சல்தான் வரும் என்ற எளிய வகுத்தலை நான் அப்போது போட்டுப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முகமும் ஏறத்தாழ ஓர் அங்குலம்; அந்த ஓர் அங்குலத்துக்குள் கண்ணும் மூக்கும் துணியின் இழைகளுக்கிடையே கரைந்துபோயின. அம்மாவின் பட்டுப் புடவைச் சரிகை, பளபளப்பற்ற அந்தத் துணியில் கடுகு அரைத்துப் பூசியதைப் போல மங்கிக் கிடந்தது.

இதைவிடப் பெரிய கூத்து ஓரத்தில் நடந்தது. கேன்வாஸைச் சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டும்போது, சட்டத்தின் கனத்துக்கு ஏற்பப் படத்தின் நான்கு விளிம்புகளும் பக்கவாட்டில் மடிந்துவிடும். எங்கள் சட்டத்தின் கனம் ஒன்றரை அங்குலம். வலது கோடியில் நின்றிருந்த அத்தை அந்த மடிப்புக்குள் போய்விட்டார். வாசல் பக்கமிருந்து பார்த்தால் மட்டுமே தெரிவார். பொங்கலுக்கு வந்தவர் அதன் முன் சற்று நேரம் நின்றுவிட்டு, "ஏன்டா தம்பி, உங்க குடும்பத்துல நான் இல்லையா?" என்று கேட்டார். அன்றே அதைக் கழற்றினேன். விளிம்பில் படத்தின் கண்ணாடிப் பிம்பத்தையோ வெறும் நிறத்தையோ அமைத்துத் தருவார்கள் என்பதும், நாம்தான் அதைக் கேட்க வேண்டும் என்பதும் பிறகே தெரிந்தது.

இரண்டாவது முறை தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் படத்தைத் தேர்ந்தெடுத்தேன். திண்ணையில் தனியாக அமர்ந்திருக்கிறார். ஒரு பக்கமிருந்து வெயில் விழுகிறது. பின்னால் வெறும் சுவர். நான்குக்கு ஆறு அங்குலமே உள்ள அந்தப் பழைய படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளிகள் வீதம் ஸ்கேன் செய்ததில் 2400-க்கு 3600 பிக்சல் கிடைத்தது. 16-க்கு 24 அங்குலத்தில் அச்சிட்டபோது அங்குலத்துக்கு 150 பிக்சல் நின்றது. பழைய ஃபிலிம் படங்களில் மணல் தூவியதுபோல் தெரியும் சொரசொரப்பு துணியின் நெசவோடு கலந்து, படத்திலிருந்த சிறு கீறல்களையும் மறைத்துவிட்டது. வேட்டி மடிப்புகளில் விழும் நிழல், தொட்டுப் பார்க்கத் தோன்றும் அளவுக்கு அமைந்திருக்கிறது. பெருமைக்காகச் சொல்வதாக நினைத்தாலும் பரவாயில்லை. எங்கள் கூடத்துக்கு வருபவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அச்சுத் தொழிலில் இருப்பவர்கள் யாராவது "அங்குலத்துக்கு 300 இல்லாமல் அச்சிடலாமா?" என்று சண்டைக்கு வரக்கூடும். கையில் பிடித்துப் பார்க்கும் ஆல்பத்துக்கு அது சரி. ஆறேழு அடி தள்ளி சோபாவிலிருந்து பார்க்கும் கேன்வாஸுக்கு 150 தாராளம். 100 இருந்தாலும் சமாளிக்கலாம். நான் தொழில்காரன் அல்லன், கைக்காசு கொடுத்துக் கற்றவன் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே, ஓரிருவர் மட்டும் பெரிதாகத் தெரிகிற, முகத்தைச் சுற்றித் தாராளமாக இடமுள்ள படத்தை எடுங்கள். இரவில், மண்டப விளக்கில் எடுத்த படமென்றால் எச்சரிக்கை தேவை. கைப்பேசித் திரை தானே ஒளிர்வது, துணியோ அறை வெளிச்சத்தை நம்பியிருப்பது. திரையின் ஒளியைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். கருங்கூந்தலும் பின்புலமும் ஒன்றாகிவிட்டால், சற்று வெளிச்சமேற்றிய பிறகே கொடுங்கள். குழுப் படம்தான் வேண்டுமென்று வீட்டில் பிடிவாதம் பிடித்தால், அதைப் புகைப்படத் தாளில் அச்சிட்டுக் கண்ணாடிச் சட்டம் போடுங்கள். எதுவானாலும் மூலக் கோப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். முழு அளவில் அச்சிடும் முன், முகம் உள்ள பகுதியை மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு அதே துணியில் மாதிரி அடித்துக் காட்டும்படி கடைக்காரரிடம் கேளுங்கள்.