கன்னியாகுமரி மாவட்டத்தை வச்சு பிள்ளைகளுக்கு சிரிப்பான ஒரு மந்திரத் தேடல் கதை எழுத எங்க இருந்து தொடங்கணும்?

சேவல்ல இருந்து தொடங்குங்க.

ஒம்போதுல இருந்து பன்னெண்டு வயசு பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிக்கணும், தேடிப் போற சாகசமும் இருக்கணும், டிராகனும் வாளும் வேண்டாம், நம்ம ஊர்லயே நடக்கணும்னு கேட்டிருக்கீங்க. நான் சாயங்காலம் ஊர் நூலகத்துல பிள்ளைகளுக்கு கதை சொல்றவன், இந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நெருக்கமானது, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

நீங்க கேக்குற கதைக்கு விதை நம்ம எல்லாரும் சின்ன வயசுலயே கேட்டதுதான். சிவன் நடுராத்திரி முகூர்த்தத்துக்கு சுசீந்திரத்துல இருந்து குமரி அம்மனைக் கல்யாணம் பண்ணப் புறப்படுறார், ஆனா பாணாசுரனை ஒரு கன்னிதான் கொல்ல முடியும்னு வரம் இருக்கு, கல்யாணம் நடந்துட்டா காரியம் கெட்டுரும், அதனால நாரதர் சேவலா மாறி வழுக்கம்பாறை பக்கம் வச்சு கூவிடுறார். விடிஞ்சுட்டு, முகூர்த்தம் போச்சுன்னு மாப்பிள்ளை வீடு திரும்பியாச்சு. கல்யாணச் சமையலுக்கு வச்சிருந்த அரிசியும் பருப்பும் மணலாப் போச்சு, கன்னியாகுமரி கடற்கரையில அரிசி அரிசியா, கலர் கலரா கிடக்குற மணல் அதுதான்னு பெரியவங்க சொல்லுவாங்க. (கறுப்பா இருக்கது இல்மனைட், செவப்பா இருக்கது கார்னெட், மணவாளக்குறிச்சியில ஆலை வச்சே பிரிச்செடுக்காங்க. இதையும் கதையில வர்ற ஒரு டீச்சர் வாயால சொல்ல வச்சிருங்க, பிள்ளைகளுக்கு ரெண்டும் ஒண்ணுபோல பிடிக்கும்.)

இந்தக் கதையில ஆயுதம்னு ஒண்ணுமே கிடையாது பாருங்க, ஒரே ஒரு பொய்க் கூவல், அதுல ஒரு கல்யாணமே நின்னு போச்சு. சிரிப்புக் கதைக்கு இதை விட என்ன வேணும்.

இனி என் கதைக்கு வாரேன், இதுல எது வேணும்னாலும் எடுத்துக்கோங்க. அந்தப் பொய்க் கூவல் எங்க போச்சு? காத்துல கலைஞ்சிருக்கும்னு எல்லாரும் நெனச்சாங்க, ஆனா அது ஒரு சேவல் தொண்டையில போய் உக்காந்துட்டு, தலைமுறை தலைமுறையா எறங்கி எறங்கி இப்ப நம்ம கதைப் பிள்ளை ஜெபாவோட ஆச்சி வடசேரி சந்தையில பேரம் பேசி வாங்கிட்டு வந்த பூவன் கோழிக்கிட்ட (நம்ம பக்கம் சேவலுக்கு அதான் பேரு) வந்திருக்கு. பூவன் எப்பக் கூவுனாலும் அதைக் கேக்குறவங்களுக்கு அப்பவே விடிஞ்சிரும். வானம் விடியாது, ஆளுங்களுக்கு மட்டும் விடியும். சட்டம் அவ்வளவுதான், ஆனா அதுல விதிவிலக்கே கிடையாது.

சட்டத்தை முதல்ல வச்சாத்தான் சிரிப்பு தானா வரும்னு நான் அடிச்சுச் சொல்லுவேன். மந்திரக்கோலை ஆட்டுனா என்ன வேணும்னாலும் நடக்கும்னு வச்சா பிள்ளைங்க ரெண்டாவது பக்கத்துலயே கொட்டாவி விடும். ஒரே ஒரு சட்டம், அதுவும் வளைஞ்சு குடுக்காத சட்டம்னா, அடுத்து என்ன ஆகும்னு பிள்ளைங்களே கணக்குப் போட ஆரம்பிச்சிரும், அவங்க கணக்கு சரியா வரும்போது ஒரு சிரிப்பு, அதுக்கு மேல ஒண்ணு நடக்கும்போது இன்னொரு சிரிப்பு.

முதல் ராத்திரி இப்படி வரும். மணி பதினொண்ணரை, பூவன் கூவுது. ஆச்சி எந்திரிச்சு முற்றம் பெருக்குறா. எதுத்த வீட்டு மாமா வாயில பிரஷ்ஷோட வந்து "என்ன மக்ளே, இன்னைக்கு வெயிலைக் காணோம்"ங்கார். பால்காரர் மாட்டுக்கிட்டப் போறார், மாடு கூவலைக் கேக்கல போல, அது எந்திரிக்கவே மாட்டேங்குது. பன்னெண்டு மணிக்கு சாயாக்கடை திறந்தாச்சு, பழம்பொரி எண்ணெய்ல கிடக்கு, டியூஷன் டீச்சர் டார்ச் அடிச்சு அட்டெண்டன்ஸ் எடுக்குறாங்க. ஜெபாவும் அப்புவும் மட்டும் தப்பிச்சாங்க, ரெண்டு பேரும் போர்வைக்குள்ள ஒரே இயர்போன்ல பாட்டு கேட்டுட்டு கிடந்தாங்க. மறுபடி ஒன்றரைக்கு ஒரு கூவல். மறுபடி எல்லாருக்கும் விடியுது, மறுபடி பல் தேய்க்கிறாங்க. ஒரே ராத்திரியில நாலு நாள் முடிஞ்சு போய் ஆச்சி காலண்டர்ல நாலு தாளைக் கிழிச்சுட்டா.

இதை நூலகத்துல சொன்னப்ப சிரிச்சு முடிச்சுட்டு ஒரு பொடிசு கேட்டா, "அப்ப சேவலுக்கு எப்ப விடியும்?" எனக்கு பதில் வரல, ஆனா கதை அங்கதான் நேரா நின்னுச்சு. எல்லாருக்கும் விடிய வைக்குது, அது மட்டும் ஒரு நெஜமான விடியலைக் கூடப் பாத்ததில்ல, ராத்திரி பூரா கூவுன களைப்புல விடியக்காலம் தூங்கிப் போயிரும். அப்ப தேடப் போறது புதையல் இல்ல, கிரீடம் இல்ல, பூவனுக்கு ஒரு சொந்த விடியல். வில்லுப்பாட்டு பாடுற ஒரு தாத்தா சொல்றார், "இரவல் கூவலைத் திருப்பிக் குடுத்தாத்தான் அதுக்கு விடியும், யார்கிட்ட குடுக்கணும்னு பாட்டுல இல்ல." அதனால பிள்ளைங்க ரெண்டும் சேவலை ஒரு சாக்குக்குள்ள வச்சு ஊர் ஊரா கேட்டுப் போகுது.

வழிக்கு மேப் நீங்க வரையவே வேண்டாம், நம்ம மாவட்டமே போதும். நெஜ இடத்தையே வச்சா வாசிக்கிற பிள்ளை அடுத்த ஞாயித்துக்கிழமை அப்பா பைக்ல போய் அதே இடத்துல நிக்கும், இதுல எனக்கு ரொம்ப ஆசை உண்டு.

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகணும். முகப்பு மண்டபமான பூமுகத்துல ஒரு குதிரை விளக்கு தொங்கும், எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அப்படியே நிக்கும்னு காட்டுவாங்க. அதை கதையில திசைகாட்டியா வச்சிருங்க. வழி காட்டும், ஆனா நாம எந்தப் பக்கம் திருப்புறோமோ அதுதான் வழிங்கும். அப்பு கடைப்பக்கம் திருப்புவான், குதிரை "ஆமா, அங்கதான்"ங்கும். ஜெபா கோவத்துல மலைப்பக்கம் திருப்புவா, "ஆமா ஆமா, அங்கயேதான்." இன்னொண்ணு, அரண்மனை இருக்கது தமிழ்நாட்டுல, பராமரிக்கிறது கேரள அரசு, 1956ல மாவட்டம் இங்க சேந்த பிறகும் அது அப்படியே. அதனால உள்ள நின்னு பூவன் கூவுனா வெளிய யாருக்கும் விடியாது, எல்லைப் பிரச்சினை. அங்க இருக்க பழைய மணிக்கூண்டுக் கடிகாரத்துக்கும் பூவனுக்கும் மணி என்னன்னு ஒரு சண்டை வச்சீங்கன்னா ஒரு அத்தியாயம் முழுசா ஓடும்.

மருந்துவாழ்மலையை வேகமா கடந்திரலாம். அனுமார் தூக்கிட்டுப் போன சஞ்சீவி மலையில இருந்து விழுந்த துண்டுன்னு ஐதீகம், மூலிகை நெறஞ்ச மலை. அங்க ஒரு சட்டம் போதும், மருந்து கேட்டவங்களுக்குக் கிடைக்காது, பக்கத்துல நிக்கிறவங்களுக்குத்தான் கிடைக்கும். பூவன் தொண்டைக்கு கேப்பாங்க, அப்புவோட ஆணிக்கால் சரியாகும்.

என் மனசுக்குப் பிடிச்சது மாத்தூர் தொட்டிப்பாலம். 115 அடி உயரம், கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளம், 28 தூணு, பறளியாத்துக்கு மேல ஒரு வாய்க்காலையே தூக்கி அந்தப் பக்கம் கொண்டு போகுது. நடுவுல நின்னு கீழ பாத்தா தென்னை மரத்தோட தலை தெரியும், பெரியவங்களுக்கே முட்டி ஆடும். பூவனுக்கு உயரம்னா பயம், பயம் வந்தா கூவும், அங்க இருந்து கூவுனா பள்ளத்துல உள்ள அத்தனை ஊருக்கும் கேக்கும். வாயில தீனி இருந்தா கூவ முடியாதுல்ல, அதனால ஒரு தூணுக்கு ஒரு மட்டி வாழைப்பழம்னு ஊட்டிக்கிட்டே நடக்காங்க. தூணு 28. கையில பழம் 26. அதுல ஒண்ணை அப்பு ஏற்கனவே தின்னுட்டான், சொல்லவும் இல்ல. இந்த இடத்துல பிள்ளைங்க நம்மள மூச்சு விட விடாது, ஒவ்வொரு தூணுக்கும் சேந்து எண்ணும், அதனால அவசரப்படாம ஒவ்வொரு தூணா எழுதுங்க.

கடைசி இடம் கன்னியாகுமரி, நாள் சித்ரா பௌர்ணமி. அன்னைக்கு மேக்க சூரியன் கடல்ல விழும்போதே கிழக்க முழுநிலா எழும்பும், ஒரே இடத்துல நின்னு ரெண்டையும் பாக்கலாம், அதுக்குன்னே கூட்டம் வரும். பூவன் என்ன நெனைக்கும்? கிழக்க கடல்ல உருண்டையா வெளிச்சம், விடிஞ்சிட்டு! அது கூவிட்டா முக்கடல் சங்கமத்துல நிக்கிற அத்தனை பேருக்கும் விடிஞ்சிரும். பிள்ளைங்களுக்கு அப்பத்தான் புரியுது, கூவலை ஒருத்தர்கிட்ட கொண்டு குடுக்க வேண்டியதில்ல, ஒரு ராத்திரி முழுக்க அதைக் கூவாம அடக்கி வச்சா தானா கழண்டு போயிரும். அந்த ஒரு ராத்திரியைத்தான் நீங்க நல்லா நீட்டி எழுதணும், பழமும் தீந்தாச்சு, சேவலுக்குத் தூக்கமும் வரக்கூடாது, கூவவும் கூடாது.

ரெண்டு விஷயம் வேண்டாம். சாமியை வச்சு சிரிப்பு காட்டாதீங்க, சேவல் போதும், கும்புடுற வீட்டுப் பிள்ளையும் சங்கடமில்லாம சிரிக்கணும். கள்ளியங்காட்டு நீலியையும் இந்தக் கதைக்குள்ள கொண்டு வராதீங்க, ஊர்ல பேய்னா உடனே அவ பேருதான் வரும், ஆனா அது ஒரு பொண்ணைக் கொன்னதுல ஆரம்பிக்கிற கதை, அதுக்குன்னு தனியா, பெரிய பிள்ளைகளுக்கு எழுதலாம்.

எழுத்து நடைக்கு வில்லுப்பாட்டுல இருந்து ஒண்ணு எடுத்துக்கோங்க. வில்லுல பாடுறவர் ஒரு வரி சொன்னா பக்கத்துல இருக்கவர் "ஆமா"ன்னு எடுத்துக் குடுப்பார்ல, அப்புவை அந்த ஆளா வைங்க. ஜெபா திட்டம் சொல்லுவா, அவன் "ஆமா, பாலத்துல ஏறுறோம், ஆமா, கீழ பாக்கப் போறதில்ல"ன்னு சொல்லிக்கிட்டே கீழ பாப்பான். பேச்சு மட்டும் நம்ம வழக்குல இருக்கட்டும், கதை சொல்ற வரி எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் புரியுற சாதாரண தமிழ்ல இருக்கட்டும்.

எழுதினதை முதல்ல பத்து வயசு பிள்ளைகளுக்கு சத்தமா வாசிச்சுக் காட்டுங்க, அச்சுக்கு அப்புறம் போகலாம். எந்த இடத்துல அவங்க குறுக்க பேசுறாங்களோ அங்க குறிச்சு வைங்க, அங்க இன்னும் ரெண்டு பக்கம் எழுதலாம். எந்த இடத்துல சட்டைப் பட்டனைத் திருக ஆரம்பிக்குதோ அதை வெட்டிருங்க. பூவன் முதல் பக்கத்துலயே கூவிரணும், ஆச்சி சந்தைக்குப் போன கதையை எல்லாம் பிறகு சொல்லிக்கலாம்.